கொட்டச்சேடு காத்திருக்கும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலைப்பாதை இரண்டு. கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் தொடங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது எல்லாருக்கும் தெரிந்த பாதை. மற்றொன்று, அயோத்தியாப்பட்டணம் போய், குப்பனூரில் மலையேறி, கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டை அடைவது. முதல் பாதையில் பாறை உருண்டாலோ, மே மாதக் கோடை விழாக் கூட்டம் அடைத்துக்கொண்டாலோதான் இரண்டாவதன் பெயர் செய்தித்தாளில் அடிபடும். மற்ற நாட்களில் எஸ்டேட் ஜீப்பும், பலா ஏற்றிய மினி லாரியும், வேலைக்குப் போகிறவர்களின் மொபெட்டும்தான் அதில் ஓடும்.

நானும் என் மனைவியும் இந்தப் பாதையைத்தான் பிடித்தோம். இருவரும் ஓய்வு பெற்றவர்கள். நான் அரசு அலுவலகம், அவள் பள்ளிக்கூடம். பிறந்ததும் பிழைத்ததும் சேலத்தில். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வடகம் காயப்போட ஏறினால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். ஆனால் அந்த மலையில் ஓர் இரவு தங்கியது அங்கோர் வாட்டையும் ஆல்ப்ஸையும் நயாகராவையும் பார்த்து முடித்த பிறகுதான்.

கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். "பக்கத்துல இருக்கறத விட்டுட்டு எங்கெங்கயோ போனீங்களே" என்று உறவுக்காரர்கள் இடித்துக் காட்டுகிறார்கள். சொந்த ஊரைப் பார்த்துவிட்டு வெளியூர் போவதுதான் முறை என்று அவர்களுக்கு எண்ணம். நான் இதில் அவர்களுக்கு நேர் எதிர்க்கட்சி. ஓய்வு பெற்ற தம்பதிக்குச் சரியான வரிசை, தூரம் முதலில், பக்கம் கடைசியில். காரணத்தைக் கொட்டச்சேட்டில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன். நாங்கள் தங்கிய வீட்டுத் திண்ணையின் முன்னால் காப்பிச் செடி; அதற்கு நிழலாக சில்வர் ஓக்; அதன் மேல் படர்ந்த மிளகுக் கொடி. எழுந்து போக ஓர் அவசரமும் இல்லை.

தமிழ்நாட்டில் வயதான தம்பதிகள் ஜோடியாக ஊர் சுற்றுவது புதிதல்ல. அறுபது முடிந்தால் திருக்கடையூர். அதன் பிறகு காசி. ராமேசுவரத்து மணலைப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்து முடிக்கிற அந்தச் சுற்று, தெற்குக் கடற்கரையிலிருந்து வடக்கே போய்த் திரும்புகிற பயணம். ரயில் வருவதற்கு முன் போனவர்கள் உயிலெழுதி வைத்துவிட்டுப் போனார்கள் என்பார்கள். ரயில் வந்த பிறகு போனவர்களில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர். சேலம் பகடாலு நரசிம்மலு நாயுடு 1889இல் வெளியிட்ட 'ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்' தமிழின் முதல் பயண நூல்களில் ஒன்று.

காசிப் பயணத்தில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு சடங்கு. திரிவேணி சங்கமத்தில் வேணி தானம் என்று செய்வார்கள். மனைவியை முன்னால் உட்காரவைத்து, கணவன் அவள் தலையைச் சீவி, பின்னல் போட்டு, பூ வைத்து, பின்னலின் நுனியில் கொஞ்சம் கத்தரித்துத் தண்ணீரில் விட வேண்டும். முப்பது நாற்பது வருடம் குடும்பம் நடத்தி, ஒரு நாள்கூட மனைவியின் கூந்தலைத் தொட்டுச் சீவியிராத ஆட்கள் அங்கே படகில் உட்கார்ந்து மூன்று கால் பிரிக்கத் தெரியாமல் திணறுவதைப் பார்க்க வேண்டும். புரோகிதர் அவசரப்படுத்துவார். மனைவிமார்கள் திரும்பிப் பார்க்காமலேயே கற்றுக்கொடுப்பார்கள். ஓய்வுக்குப் பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து ஊர் சுற்றுவதில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் அந்தப் படகைத்தான் காட்டுவேன். வீட்டில் ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு செல்போன். வெளியூரில்தான் ஒருவர் கையை ஒருவர் நம்ப வேண்டியிருக்கிறது.

காசிக்கு அடுத்த கட்டம் கடல் தாண்டுவது. இதைப் பற்றிச் சுற்றுலா விளம்பரங்கள் சொல்வதெல்லாம் பொய். ஈஃபில் கோபுரத்தின் முன்னால் வெள்ளை முடியோடு கைகோத்து நிற்கும் ஜோடி எங்கிருந்து வந்ததோ தெரியாது. நம் ஊர் ஓய்வூதியர்களின் உலகப் பயணம் பெரும்பாலும் மகளின் பிரசவத்தில் தொடங்குகிறது. மகளோ மருமகளோ ஐந்தாம் மாதம் என்று செய்தி வரும். உடனே பாஸ்போர்ட், அமெரிக்க விசா, சென்னையில் துணைத் தூதரக நேர்காணல். பெட்டியில் பிரசவ லேகியம், வசம்பு, சுக்கு, வேப்பிலைப் பொடி, வடகம், பருப்புப் பொடி, கைக்குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி. இத்தனை கிலோ என்று விமான நிறுவனம் சொல்லியிருப்பதால் வீட்டுத் தராசில் நிறுத்து நிறுத்து, கடைசியில் தன் சேலையை எடுத்து வெளியே வைத்துவிட்டு ஊறுகாயை உள்ளே வைப்பாள் தாய்.

அங்கே இறங்கினால் ஆறு மாதம் தங்க முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அந்த ஆறு மாதத்தில் பார்ப்பது என்ன? நியூஜெர்சியில் மகள் வீட்டுச் சமையலறை, குழந்தையின் தொட்டில், சன்னலுக்கு வெளியே பனி. வார இறுதியில் எடிசன் ஊரின் ஓக் ட்ரீ ரோட்டில் மளிகை. பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேசுவரர் கோயில். கிளம்பும் முன் கடமைக்கு ஒரு நயாகரா, ஒரு சுதந்திர தேவி சிலை. கார் ஓட்டத் தெரியாதவனுக்கு அமெரிக்கப் புறநகர் ஒரு பெரிய மெத்தை போட்ட சிறை. நானும் அதில் இருந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் கையசைப்பார், நாமும் அசைப்போம், அத்தோடு அன்றைய உலகத் தொடர்பு முடிந்தது. பேரனைத் தூக்கிய சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, அதற்கு ஈடில்லை. ஆனால் அதை உலகப் பயணம் என்று கணக்கில் எழுதக் கூடாது. அது குடும்ப வேலை, இடம் மட்டும் வேறு. பெண்களுக்கோ அது வேலையிலிருந்து ஓய்வுகூட இல்லை. என் மனைவி அங்கே போட்ட தோசைகளைச் சேலத்தில் போட்டிருந்தால் ஒரு கடையே வைத்திருக்கலாம்.

கடை என்றதும் கொச்சி விஜயன்–மோகனா தம்பதி நினைவுக்கு வருகிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை நகர்த்த முடியாது.

கொச்சி காந்தி நகரில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று ஒரு சின்னக் கடை. கே.ஆர். விஜயன் டீ போடுவார், மோகனா பலகாரம் செய்வார். வேலைக்கு ஆள் கிடையாது. தினம் முந்நூறு ரூபாய் எடுத்து வைப்பார்கள். போதாததற்கு வங்கியில் கடன். ஒரு நாட்டுக்குப் போய்த் திரும்பி, இரண்டு மூன்று வருடம் டீ விற்று அந்தக் கடனை அடைத்து, அடைத்த கையோடு அடுத்த கடன். 2007இல் இஸ்ரேலுக்குப் போனது முதல் வெளிநாட்டுப் பயணம். அடுத்த பதினான்கு ஆண்டுகளில் இருபத்தாறு நாடுகள். சுவிட்சர்லாந்து, அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா என்று பட்டியல் போகிறது. கடைச் சுவரில் அந்த நாடுகளின் படங்களை மாட்டி வைத்திருந்தார்கள். 2018இல் ஹரி எம். மோகனன் எடுத்த 'இன்விசிபிள் விங்ஸ்' என்ற ஆவணப்படம் அவர்களை நாடறியச் செய்தது. ஆனந்த் மகிந்திரா அவர்களை ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பிவைத்தார். பெருந்தொற்று அடங்கி, 2021 அக்டோபரில் ரஷ்யா போனார்கள். திரும்பி வந்த மறு மாதம், நவம்பர் 19ஆம் தேதி, விஜயன் மாரடைப்பில் காலமானார். வயது எழுபத்தொன்று.

இந்தக் கதையைச் சொன்னால் பலரும் 'ஏழை டீக்கடைக்காரர் உலகம் சுற்றினார்' என்று நெகிழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பட்டது வேறு. அவர்கள் ஓய்வு பெறவே இல்லை. ஓய்வு பெற்றதும் போகலாம் என்று நினைத்திருந்தால் போயிருக்கவே மாட்டார்கள், ஏனென்றால் டீக்கடைக்கு ஓய்வு வயது கிடையாது. பிள்ளைகள் கல்யாணம் முடியட்டும், கடன் அடையட்டும், வீட்டுக்கு மாடி எடுக்கட்டும் என்று மாதச் சம்பளக்காரர்களான நாம் போடும் தவணை அவர்களிடம் இல்லை. கடனை வாங்கிவிட்டுப் போனார்கள். நான் கடன் வாங்கச் சொல்லவில்லை. ஓய்வூதியத்தில் கடன் கட்டுவது நரகம். காலண்டரைப் பற்றித்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டு அரசு ஊழியரின் ஓய்வு வயதை 2020 மே மாதம் ஐம்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தொன்பதாக்கினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அறுபதாக்கினார்கள். சம்பளம் இரண்டு வருடம் கூடியது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். முழங்காலிலிருந்து இரண்டு வருடம் கழிந்ததை ஒருவரும் கணக்கிடவில்லை.

முழங்கால்தான் பேச்சு. விசா, பணம், மொழி எல்லாம் அடுத்தது. கோலாலம்பூர் பத்துமலையில் 272 படி. அடியில் பொன்வண்ண முருகன் நாற்பத்திரண்டு மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறான், 2006இல் நிறுவியது. அங்கே படியேறும் கூட்டத்தில் நம் ஊர் வயதானவர்களை உடனே அடையாளம் காணலாம். ஏறும்போது சாமி பெயர் சொல்வார்கள், இறங்கும்போது டாக்டர் பெயர் சொல்வார்கள். இப்போது அந்த முருகனை வடித்த அதே சிற்பி, திருவாரூர் தியாகராஜன், வாழப்பாடி தாண்டிப் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முத்துமலை முருகனை எழுப்பிவிட்டார். 2022 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது. அயோத்தியாப்பட்டணத்தில் குப்பனூர்ப் பக்கம் திரும்பாமல் நேரே ஆத்தூர் சாலையில் போனால் அவனைப் பார்த்துவிடலாம். 'இதைப் பார்த்தாச்சே, மலேசியா எதுக்கு' என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். அங்கே தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து வரும் சீனரைப் புத்திரகவுண்டன்பாளையத்தில் பார்க்க முடியாது.

அங்கோர் வாட்டில் மேல்தளத்துக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. பழைய கல்படிகளின் மேல் மரப்படியும் கைப்பிடியும் போட்டிருக்கிறார்கள். அப்படியும் கீழே பார்த்தால் தலை சுற்றும். என் மனைவி ஏறவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க, நான் கீழ இருக்கேன்" என்றாள். நான் ஏறி இறங்கி, அவளைத் தேடிக்கொண்டு போனால் கிழக்குத் திருச்சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பத்தின் முன் உட்கார்ந்திருக்கிறாள். ஏறக்குறைய ஐம்பது மீட்டர் நீளச் சுவர். ஒரு பக்கம் அசுரர், ஒரு பக்கம் தேவர், நடுவில் திருமால், இழுபடும் வாசுகி. ஓர் ஐரோப்பியக் குழுவுக்கு வழிகாட்டி ஏதோ விளக்க, இவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆமை யார், மந்தர மலை எது, அமுதம் வந்த பின் என்ன சண்டை என்று சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பாடம் எடுத்தவளுக்குச் சூரியவர்மன் கட்டிய வகுப்பறை கிடைத்துவிட்டது. மேலே ஏறியதில் நான் பார்த்தது காற்றும் காடும். அவளுடைய பங்கே பெரியது.

சுவிட்சர்லாந்து யுங்ஃப்ரௌயோக் 3,454 மீட்டர் உயரம். மலைக்குள் குடைந்து 1912இல் திறந்த ரயில்பாதை அங்கே கொண்டுபோய் விடுகிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். அதுபோல் இரண்டு மடங்குக்கும் மேல். ரயிலை விட்டு இறங்கியதும் நாலு எட்டு வேகமாக வைத்தால் மூச்சு வாங்கும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். குழுச் சுற்றுலா நடத்துகிறவர்கள் அதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். அங்கே இந்தியச் சாப்பாடு கிடைக்கும் என்பதைத்தான் சொல்வார்கள். கிடைக்கிறதுதான். பனிமலை உச்சியில் பருப்புக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, பனியைப் பார்க்காமல் வாட்ஸப்பில் படம் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தோடு நானும் இருந்தேன்.

ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். அறுபதைத் தாண்டினால் கட்டணம் ஏறும், எழுபதில் இன்னும் ஏறும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பல காப்பீடுகள் பணம் தருவதில்லை. அந்தப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். மத்திய அரசு ஓய்வூதியராக இருந்தால் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க ஊரில் இருந்தாக வேண்டிய நிலை முன்பு இருந்தது. இப்போது செல்போனில் முகம் காட்டியே கொடுக்கலாம். கைரேகை தேய்ந்துபோன வயதில் அது ஒரு நல்ல மாற்றம். கெட்ட மாற்றம் ரயிலில். ஆண்களுக்கு நாற்பதும் பெண்களுக்கு ஐம்பதும் விழுக்காடு இருந்த மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். அப்போது தொற்று என்றார்கள். தொற்று போன பிறகும் அதைத் திருப்பித் தரவில்லை. உலகம் சுற்றும் சிலரைவிட, காசி போக நினைக்கும் பல லட்சம் பேருக்கு அது விழுந்த அடி.

சரி, கொட்டச்சேடு. இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், சுற்றுலாத் துறைப் பலகை நடும் அளவுக்கு ஒன்றுமில்லை. தேக்குக் காடு இருக்கிறது. காப்பி, மிளகு, ஆரஞ்சு, பலா. மலையாளி மக்களின் ஊர்கள். கேரளத்தோடு அவர்களுக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள், மலைவாழ் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்கள், பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும் நடுவண்ணன் பச்சைமலையிலும் சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்று அவர்கள் சொல்லும் கதை. கதையின்படி பார்த்தாலும் அவர்களும் பயணம் வந்து தங்கியவர்கள்தான்.

காப்பியும் அப்படி வந்ததுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலையில் காப்பி பயிரிடத் தொடங்கினார். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் தாயகம் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை. மாசி பங்குனியில் ஒரு மழை விழுந்தால் காப்பிச் செடி முழுக்க வெள்ளைப் பூ, மல்லிகை போல மணக்கும். பூ மழை என்பார்கள். அந்த மழை தவறினால் வருடமே தவறியது. பழம் பறிப்பு கார்த்திகை, மார்கழி, தை. பழத்தைத் தோலுரித்துக் கழுவிக் களத்தில் காயப்போடுகிற நாட்களில் ஊரெல்லாம் புளித்த வாடை. நாங்கள் தங்கிய வீட்டுக்கு அடுத்த தோட்டத்தில் பறிக்க வந்திருந்த ஒரு பாட்டியிடம் என் மனைவி பேச்சுக்கொடுத்தாள். பாட்டி திருப்பிக் கேட்டது: "நீங்க எந்த ஊருங்கம்மா? ரெண்டு பேருமா வந்தீங்களா? புள்ளைங்க கூட்டியாரலயா?" பிள்ளைகள் வெளிநாட்டில் என்றதும், "அப்ப சரி, நீங்களாச்சும் வந்தீங்களே" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனது.

எங்களுக்கு நேர் எதிர்த் திசையில் பயணம் செய்து, ஓய்வு பெற்று, இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர் ஒருவர் உண்டு. ராபர்ட் புரூஸ் ஃபூட், 1834இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்று அது. குதிரையிலும் மாட்டுவண்டியிலும் தென்னிந்தியா முழுக்கச் சுற்றிய மனிதர் 1891இல் ஓய்வு பெற்ற பிறகு ஊருக்குக் கப்பலேறவில்லை. ஏற்காட்டில் குடியிருந்தார். சேர்த்து வைத்திருந்த கற்களைத் தரம் பிரித்து, எண் போட்டு, விளக்கம் எழுதினார். அந்தச் சேகரிப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. எழும்பூர் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம். சேர்வராயன் மலையிலும் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் அவருக்குக் கிடைத்தன. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவர் நினைவுச் சின்னம் இருக்கிறது.

அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பெர்சிவல்தான். சென்னையில் 'தினவர்த்தமானி' நடத்தினார், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தார், மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். அவரும் கடைசியில் ஏற்காட்டில்தான் தங்கினார், 1882இல் இங்கேயே காலமானார். மாமனாரும் மருமகனும், ஒருவர் நம் சொற்களையும் மற்றவர் நம் கற்களையும் பொறுக்கிச் சேர்த்துவிட்டு, ஓய்வுக்கு ஒரே மலையைப் பிடித்திருக்கிறார்கள். சேலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. சுற்றுலா வருகிறவர்களையும் படகுத்துறையிலும் லேடீஸ் சீட்டிலும் இறக்கிவிட்டுக் கூட்டிப் போய்விடுகிறார்கள்.

ஃபூட் வாழ்க்கையையும் என் கட்சிக்குச் சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன். அவர் முதலில் தூரம் போனார், சுற்றி முடித்தார், பிறகு மலையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் வேலை இருந்தது, ஏனென்றால் பார்த்து வந்த சரக்கு இருந்தது. எங்களுக்குக் கொட்டச்சேட்டில் பொழுது போனதும் அப்படித்தான். காலையில் தேக்குக் காட்டு ஓரமாகக் கொஞ்ச தூரம் நடை. காட்டெருமை வரும் என்று ஊர்க்காரர்கள் எச்சரித்ததால் விடிந்த பிறகுதான் வெளியே போவோம், அந்தி சாய்வதற்குள் திரும்பிவிடுவோம். மிச்ச நேரமெல்லாம் பேச்சு. இருபது வயதில் இங்கே வந்திருந்தால், பேச எங்களிடம் ஒன்றும் இருந்திருக்காது. படகு விட்டுவிட்டுப் பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கியிருப்போம். இப்போது ஓர் ஆரஞ்சு மரத்தைப் பார்த்தால் வாலென்சியாத் தெருவில் பார்த்த கசப்பு ஆரஞ்சு ஞாபகம் வருகிறது. அவள் ஒன்று சொல்கிறாள், நான் மறுக்கிறேன், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் வழி தவறியது என்று பழைய சண்டைகளைப் புதிதாகப் போடுகிறோம்.

ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வுத் துறை 1963 முதல் நடத்தும் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. குடுவை போன்ற இலையில் பூச்சி பிடித்துத் தின்னும் செடியையும் அங்கே வளர்க்கிறார்கள். வயதானவர்களுக்கு ஏற்ற இடம். ஏற்றம் இல்லை, உட்கார நிழல் உண்டு. சேர்வராயன் கோயிலுக்கும் மலை உச்சிவரை வண்டி போகும். குகைக்குள் குனிந்து போக வேண்டும். சேர்வராயரும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவில் சுற்றுவட்ட மலையூர்கள் எல்லாம் அங்கேதான் கூடும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த மாதத்தை விட்டுவிடுங்கள். பக்கோடா பாயின்ட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கடைகள்தான்.

நான் சொன்ன வரிசையை ஒருமுறை என் மனைவி எதிர்த்தாள் என்பதையும் எழுதிவிடுகிறேன். "எல்லாருக்கும் தூரம் போக வசதி இருக்காதுங்க. பக்கத்துலயாச்சும் போகட்டும்" என்றாள். உண்மைதான். தூரம் என்பது அவரவர் சட்டைப்பை அளவு. ஒருவருக்கு அது பாரிஸ், ஒருவருக்கு யாழ்ப்பாணம், ஒருவருக்கு டார்ஜிலிங். உங்களால் போக முடிந்த மிக அதிகத் தூரம் எதுவோ அதை முதலில் வையுங்கள். விஜயன்–மோகனா தம்பதிக்கு முந்நூறு ரூபாயில் ரஷ்யா தெரிந்தது. எழுபத்தைந்து வயதிலும் குப்பனூர் வழியாக ஒரு வாடகைக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டச்சேட்டுக்கு வந்துவிடலாம். எழுபத்தைந்தில் அங்கோர் படி ஏற முடியாது. என் வாதம் இவ்வளவுதான்.

பெரியவர்களுக்கான பாஸ்போர்ட் பத்தாண்டு செல்லும். சேலத்திலேயே தலைமை அஞ்சலகத்தில் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. ஓய்வு பெறும் நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஐம்பத்தைந்தில் எடுத்துவிடுங்கள். பிரசவத்துக்குக் கூப்பிடும்வரை மனைவிக்குப் பாஸ்போர்ட் எதற்கு என்று தள்ளிப்போடுகிற வழக்கத்தையும் விடுங்கள். இருவர் விண்ணப்பத்தையும் ஒரே நாளில் போடுங்கள்.